மே தினத்துக்குக் கூட்டாளிமாரோடு எங்கே: பாசிக்குடாவா, உன்னிச்சையா, கல்லடியா, அறுகம்பையா?

மே முதலாம் திகதி கடைக்காரருக்கும் லீவு, கந்தோர்க்காரருக்கும் லீவு. 1956 தொடக்கம் அது பொது விடுமுறை. மற்ற நாட்களில் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிற பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகச் சேரக் கிடைக்கிற சில நாட்களில் அதுவும் ஒன்று. சிக்கல் வெயில்தான். ஏப்ரல் 10ஆம் திகதியளவில் மட்டக்களப்பில் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மே முதலாம் திகதிக்கு அது வடக்கே 7 பாகை அளவுதான் விலகியிருக்கும். அன்று பன்னிரண்டு மணிக்கு ஆறடி ஆளின் நிழல் முக்கால் அடிதான் விழும். தென்னையின் நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கும்.

ஆகவே "எந்த இடம் வடிவு?" என்று கேட்டு இடம் எடுத்தால் பதினொரு மணிக்கு முழுக்கூட்டமும் வானுக்குள் ஏறி ஏசி போட்டுக்கொண்டு இருக்கும். கேட்க வேண்டியவை வேறு. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை நிழல் எங்கே? குடிக்கிற தண்ணீர் எவ்வளவு, எங்கிருந்து? எத்தனை மணிக்குள் அங்கிருந்து வெளிக்கிட வேண்டும்? பன்னிரண்டு பேர், ஒரு வான், மட்டக்களப்பு நகரத்திலிருந்து பயணம் என்ற கணக்கில் நாலு இடங்களையும் இந்தக் கேள்விகளால் உரசிப் பார்க்கலாம்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். குளிப்புத்தான் முக்கியம் என்றால் பாசிக்குடா, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். சமைத்துச் சாப்பிடுவதுதான் முக்கியம் என்றால் உன்னிச்சை, குளிப்பை இரண்டாம் பட்சமாக வையுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே அளவுக்குச் செய்யப் போகிறவர்கள்தான் மூன்று மணிக்கு அரைவேக்காட்டுச் சோறு தின்கிறார்கள்.

பாசிக்குடா

நகரத்திலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் அளவு. வாழைச்சேனை வரை நல்ல பெருந்தெரு, பிறகு கடற்பக்கம் திரும்ப வேண்டும். ரயிலில் போகிறவர்கள் கல்குடா ஸ்டேசனில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். ஆனால் திரும்பி வரும் ரயிலின் நேரத்தை முதலே பார்த்து வைக்காவிட்டால் பின்னேரம் முழுக்க ஸ்டேசனில்தான். மே தினத்தில் பஸ்ஸை நம்பவே வேண்டாம். ஊர்வலங்களுக்கு ஆட்களை ஏற்றப் பல பஸ்கள் போய்விடும். வான்களும் அப்படித்தான், ஒரு கிழமைக்கு முன்னமே பேசி வைப்பது நல்லது. பேசும்போது காத்திருக்கும் நேரத்துக்கான காசையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

இந்தக் குடாவின் பெருமை அதன் ஆழமின்மை. வெளியே பவளப்பாறை அலையை மறிப்பதால் கரையிலிருந்து கனதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது. நீந்தத் தெரியாத ஆட்கள் உள்ள கூட்டத்துக்கு மாவட்டத்தில் இதைவிட நல்ல கடல் இல்லை. ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை கிழக்குக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும் காலம். மே தினம் அதற்குள் விழுகிறது.

ஆழமின்மைக்கு மறுபக்கமும் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் சூடு தெரியாது. மேலிருந்து வெயிலும் கீழே தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் சேர்ந்து தோளையும் கழுத்தையும் எரித்துவிடும். இரவுதான் அது தெரியவரும். கையுள்ள பழைய டீசேட்டோடு குளியுங்கள். படகு ஓடும் பக்கத்துக்குப் போக வேண்டாம். பாறை விளிம்புவரை நடந்து பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். அங்கே அடி திடீரென்று இறங்கும், பவளத்தின் கூர் காலைக் கிழிக்கும்.

நிழல்தான் இங்கே குறை. நல்ல நிழலெல்லாம் ஹோட்டல்களுக்குள். பொதுக்கரையில் விடுமுறை நாளன்று இலங்கையின் எல்லாப் பக்கத்து பஸ்களும் வந்து நிற்கும். ஆகவே காலை ஆறு மணிக்கு நகரத்தை விட்டால் ஏழுக்குத் தண்ணீரில் நிற்கலாம். பத்தரைக்குக் கரையேறிவிடுங்கள். பதினொன்றுக்குப் பிறகு அங்கே இருக்க வேண்டுமென்றால் படங்கு கட்ட வேண்டும்.

மணலில் படங்கு கட்டுவது பலருக்குச் சரிவராத வேலை. மணலில் அடித்த முளை கடற்காற்றுக்கு ஐந்து நிமிடம் தாங்காது. அதற்குப் பதிலாக நாலு யூரியாப் பைகளில் பாதியளவு மணல் நிரப்பி, வாயைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டி, ஒன்றரை அடிக் குழியில் கிடையாகப் புதைத்து மேலே மிதியுங்கள். கயிறு மட்டும் வெளியே வரட்டும். 12 அடிக்கு 15 அடிப் படங்கு பன்னிரண்டு பேருக்குக் காணும். கடற்பக்கத்து விளிம்பை இடுப்பளவுக்குத் தாழ்த்தியும் தரைப்பக்கத்தை ஏழடிக்கு உயர்த்தியும் கட்டினால் காற்று மேலே வழுக்கிப் போகும். மாறிக் கட்டினால் படங்கு பாயாகி ஊதி, கம்பையும் சேர்த்துப் பிடுங்கும். இரண்டு மணிக்குப் பிறகு உயர்ந்த பக்கத்தால் மேற்கு வெயில் உள்ளே வரும். அதற்குப் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டால் போதும்.

இங்கே அடுப்பு வேண்டாம். குளிக்கிற சனத்துக்கு நடுவில் புகை கிளப்பினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். கட்டுச்சோறுதான் இங்கே சரி. அதையும் யோசித்துக் கட்ட வேண்டும். முதலில் பழுதாவது தேங்காய்ப்பால் விட்ட கறி. அடுத்தது பச்சை வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்த சம்பல், அதற்கடுத்தது பருப்பு. 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் சமைத்த சாப்பாட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்பது சுகாதாரக் கணக்கு. மே வெயிலில் மூடிய வானின் டிக்கிக்குள் சூடு அதைவிட எவ்வளவோ கூட. ஆகவே ஈரம் குறைந்ததாக எடுங்கள்: பால் விடாத கோழிப் பிரட்டல், வினாகிரி சேர்ந்த கத்தரிக்காய் மோஜு, சீனிச்சம்பல், பொரித்த கருவாடு. சோற்றை வடித்ததும் சுடச்சுடக் கட்டுவதுதான் பெரிய பிழை. ஆவி இலைக்குள் வியர்த்து, சோறு நைந்து, பத்து மணிக்கே மணக்கத் தொடங்கும். அகலத் தட்டில் பரப்பி, ஆவி போனபின் வாட்டிய வாழை இலையில் கட்டி, றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போத்தல்களுக்கு நடுவில் அடுக்குங்கள். கரையேறியதும் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் சாப்பிட்டுவிடுங்கள். கடலில் மூன்று மணித்தியாலம் நின்றவர்களுக்கு அது மதியச் சாப்பாடுதான்.

உன்னிச்சை

வலையிறவுப் பாலத்தைத் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குள் போகும் பாதை. ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கடற்பக்கத்து எழுவான்கரைக்காரர்கள் பலர் கடலைத் தவிர வேறு இடத்தை நினைப்பதில்லை. அதனால் இங்கே கூட்டம் குறைவு, குளக்கரை மரங்களில் நிழலும் உண்டு. பதினொன்றிலிருந்து மூன்று வரை என்ற கேள்விக்கு இந்த இடம்தான் நல்ல பதில்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களில் வரும் குடிநீரின் மூலம் இந்தக் குளம். சட்டி கழுவிய எண்ணெயும் சவர்க்காரமும் அதற்குள் போகக்கூடாது. கழுவுகிற தண்ணீரை வாளியில் அள்ளி, கரையிலிருந்து தள்ளிப் போய்த் தரையில் ஊற்றுங்கள். குளக்கட்டின் மேல் அடுப்பு மூட்டுவதும் கூடாது. வானையும் குளக்கட்டில் ஏற்றி மறித்து வைக்க வேண்டாம்.

மே மாதத்தில் சிறுபோக வேளாண்மைக்குத் துருசு (மதகு) திறந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். மேலே தண்ணீர் அசையாமல் கண்ணாடிபோலக் கிடக்கும். கீழே துருசு வாயை நோக்கி இழுவை இருக்கும். குளத்தில் போகிற உயிர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களால் போகின்றன: துருசுக்கும் வான்கதவுக்கும் (மிகைநீர் வெளியேறும் கதவு) கிட்டப் போவது, ஆழம் தெரியாமல் தலைகீழாகப் பாய்வது, குடித்துவிட்டு இறங்குவது. ஊர்ச்சனம் குளிக்கிற துறையைக் கேட்டு அதிலே மட்டும் குளியுங்கள். மீன் வெட்டிய கழிவை அந்தத் துறைக்குக் கிட்டப் போடாதீர்கள். இந்தப் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு, வாசம் பிடித்து வரும்.

யானைதான் திரும்பும் நேரத்தைத் தீர்மானிக்கும். வறட்சி ஏற ஏற யானை தண்ணீரைத் தேடிப் பின்னேரத்தில் குளத்துக்கு இறங்கும். ஊர்ச்சனம் சொல்வதைக் கேளுங்கள், நாலு மணிக்குச் சாமானை ஏற்றுங்கள், நாலரைக்கு வெளிக்கிடுங்கள். சூரியன் ஆறு பத்தளவில்தான் இறங்கும், இன்னும் வெளிச்சம் கிடக்கிறதே என்று கணக்குப் போட வேண்டாம். யானை சூரியனைப் பார்த்து வருவதில்லை.

இனிச் சமையல். பன்னிரண்டு பேருக்குப் பத்துச் சுண்டு அரிசி, இரண்டு கிலோ அளவு. கூடத் தெரிந்தாலும் குளித்துப் பசித்து வருகிறவர்களுக்கு இது மிஞ்சாது. எலும்போடு மூன்றரைக் கிலோ கோழி. சுடுவதென்றால் அரைக் கிலோ எடையுள்ள மீன் எட்டு. விளைமீனோ பாரையோ நல்லது. வழியில் குளத்துத் திலாப்பியா உயிரோடு கிடைத்தால் அதைவிடப் புதியது வேறில்லை. மே தினத்தில் மார்க்கற் பாதி பூட்டியிருக்கும். அரிசி, மரக்கறி, கரி எல்லாவற்றையும் முதல்நாள் பின்னேரமே எடுத்துவிடுங்கள். வெசாக் போயா பக்கத்தில் வந்தால் இறைச்சிக்கடை பூட்டும் நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர்க் கூட்டாளிமாரும் வருகிற கூட்டமென்றால் கோழியை ஹலால் கடையில் எடுங்கள், மாட்டிறைச்சியை விட்டுவிடுங்கள். ஒரே சட்டியில் எல்லோரும் கைவைக்கலாம். மரக்கறிக்காரருக்கு மட்டும் தனிச்சட்டி, தனி அகப்பை. மே முதலாம் திகதி வெள்ளிக்கிழமையில் விழுந்தால் கணக்கு மாறும். சைவக்காரர் பலர் அன்று மச்சம் தொடமாட்டார்கள், மற்றவர்களுக்கு ஜும்ஆ இருக்கிறது. அந்த வருடம் பயணத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றுவதே நல்லது.

அடுப்புக்கு மூன்று கல். தண்ணீருக்குள் கிடந்த கல்லை எடுக்க வேண்டாம். உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். காய்ந்த விறகு 15 கிலோ அளவு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மீன் சுடச் சிரட்டைக்கரி 3 கிலோ. மீன் கருகி உள்ளே பச்சையாக இருப்பதற்குக் காரணம் அவசரம். கரி பற்றியதும் சுவாலை எழும்பும், அது அடங்கி, கரியின் மேல் சாம்பல் பூத்து வெள்ளையாக வர 25, 30 நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் கம்பிவலை ஏற வேண்டும், தணலுக்கு ஒரு சாண் மேலே. வலையை ஐந்து நிமிடம் வெறுமையாகச் சூடாக்கி எண்ணெய் பூசுங்கள். குளிர்ந்த வலையில் வைத்த மீனின் தோல் வலையோடு போய்விடும். மீனை முள்வரை கீறி உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், தேசிக்காய்ப்புளி பூசி அரை மணித்தியாலம் வைத்தால் காணும். காலையிலேயே புளி பூசிக்கொண்டு போனால் சதை மாவாகிவிடும். ஒரு பக்கத்துக்கு எட்டுத் தொடக்கம் பத்து நிமிடம், ஒரேயொரு தடவை திருப்புங்கள். கோழித் தொடையைச் சுடுவதென்றால் முதலில் சட்டியில் பதினைந்து நிமிடம் அவித்து உடனே தணலுக்கு மாற்றுங்கள். வீட்டில் அரைவாசி அவித்துக்கொண்டு போவது வயிற்றுப்போக்குக்கு வழி. தக்காளிச் சோஸ், சீனி சேர்ந்த எதையும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் பூச வேண்டும்.

அடுப்பைப் பத்து மணிக்குப் பற்றவைத்தால் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பன்னிரண்டுக்குப் பற்றவைக்கிற கூட்டம் இரண்டரைக்குச் சாப்பிட்டு, குளிக்க இறங்காமலே திரும்பும்.

தண்ணீர்க் கணக்கு எல்லோரும் பிழைக்கிற இடம். வெயிலில் ஆளுக்கு மூன்று லீற்றர் குடிக்க, சமையலுக்கு 15 லீற்றர். மொத்தம் 50 லீற்றருக்குக் கிட்ட. இருபது லீற்றர்க் கான் மூன்று ஏற்றுங்கள். சோடாவை அதற்குள் கணக்கெடுக்க வேண்டாம். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புக்கான தூள்) பைக்கற் நாலைந்து வையுங்கள், ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். தலை சுற்றுகிறது, கால் பிடிக்கிறது என்று சொல்கிற ஆளைப் பகிடி பண்ணாமல் நிழலில் கிடத்தி அதைக் குடிக்கக் கொடுங்கள். இன்னொன்று: மீனுக்கு எடுக்கிற ஐஸ்கட்டி குடிநீரில் செய்ததென்று நம்ப வேண்டாம். மீனையும் போத்தலையும் சுற்றிப் போடுங்கள், கிளாசுக்குள் போடாதீர்கள். மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும்.

கல்லடியும் வாவியும்

கல்லடிக் கடற்கரை பகலுக்கு உரியதல்ல. திறந்த கடல், கரையிலிருந்து கிடுகிடுவென்று ஆழம், உள்ளே இழுக்கிற நீரோட்டம். குளிக்கிற இடமாக இதைக் கணக்கெடுக்க வேண்டாம். நாலரைக்குப் பிறகு வந்து காற்று வாங்க, பந்தடிக்க, கடலை கொறிக்க நல்லது. சவுக்கு நிழல் இருக்கிறதே என்று அதற்குள் அடுப்பு மூட்டாதீர்கள். சவுக்குச் சருகு ஒரு பொறிக்கே பற்றும். பாலமீன்மடு முகத்துவாரப் பக்கத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்க்கலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம். வாவியும் கடலும் சேரும் இடத்து ஓட்டத்துக்கு நீச்சல்காரனும் தாக்குப்பிடிக்கமாட்டான்.

ஆனால் அரைநாள்தான் கிடைக்கிறது, தூரப் பயணம் சரிவராது என்கிற கூட்டத்துக்கு வாவியும் கல்லடியும் சேர்ந்த பின்னேரமே போதும். கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள்ளும் மற்றதைக் காதிலும் வைத்துப் பாடும்மீன் (வாவிக்குள்ளிருந்து வரும் இசைபோன்ற சத்தம்) கேட்பது வறட்சிக்காலப் பௌர்ணமி இரவுகளில் சரிவரும். அதற்கு மே முதலாம் திகதியைவிட வெசாக் போயா பொருத்தம். உயிர்காப்பு அங்கி இல்லாத தோணியில் ஏறாதீர்கள். கண்ணாக் காட்டு (சதுப்புநிலக் காடு) ஓரத்தில் இருட்டியபின் நுளம்பு விடாது.

அறுகம்பை

நகரத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று ஊர்களுக்குள்ளால் போவதால் இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். போய்வர ஐந்து. ஒருநாள் பயணமாக மட்டக்களப்பிலிருந்து இது நட்டம். அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆட்களுக்கு மட்டும் கணக்கு வேறு, அவர்களுக்கு இது பக்கத்துக் கடல்.

மே மாதம் அங்கே அலைச்சறுக்குப் பருவம் தொடங்கும் நேரம். அலைக்காகத்தான் உலகத்து ஆட்கள் வருகிறார்கள். அதே அலைதான் குளிக்கிறவருக்கு ஆபத்து, முனைப்பக்கத்தில் அடியில் பாறையும் உண்டு. பலகை வாடகைக்கு எடுத்துப் பழக்குநர் ஒருவரோடு சின்ன அலையில் பழகலாம். இரவு தங்குவதென்றால் முன்கூட்டியே அறை பேசுங்கள். வெளிநாட்டுப் பெண்களைப் போனில் படம் எடுக்கிற கூட்டத்தோடு போகாதீர்கள், அந்த ஒரு காரியத்தால் ஊர்ப்பெயரே கெடுகிறது.

கல்முனைப் பக்கத்து ஆட்கள் சிலர் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்துக்குப் போவதுண்டு. கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் படகில் போய்ப் பார்க்கிற இடம் அது. காட்சிக்கு நாலு இடத்தையும்விட மேல். ஆனால் பூங்காவுக்குள் அடுப்பு மூட்டலாம், விரும்பிய இடத்தில் குளிக்கலாம் என்று போக வேண்டாம்.

எங்கே போனாலும்

இந்த மாதத்தில் பகல் முழுக்க வெயில் எரித்துவிட்டுப் பின்னேரத்தில் மேற்கே முகில் கறுத்து இடியோடு மழை கொட்டுவது வழக்கம். குளக்கட்டும் வெறும் கடற்கரையும் மின்னலுக்கு மோசமான இடங்கள், தனிமரத்தடி அதைவிட மோசம். முதல் இடிச்சத்தம் கேட்டதும் தண்ணீரைவிட்டு ஏறி வானுக்குள் இருங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் கழித்து இறங்கலாம்.

குப்பைக்கு இரண்டு உரப்பை கொண்டுபோய், நிறைந்த பையை வீட்டுக்கே கொண்டுவாருங்கள். குளக்கரையில் விட்ட சோற்றுப் பார்சலை யானை பொலித்தீனோடு சேர்த்தே விழுங்கும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் செத்தது அப்படித்தான். கண்ணாடிப் போத்தலை வானிலிருந்து இறக்கவே வேண்டாம்.

கடைசியாக அடுப்பு. தணலை மணல் போட்டு மூடிவிட்டு வருகிற பழக்கம் பலருக்கு உண்டு. மணல் தணலை அணைப்பதில்லை, சூட்டைப் பொத்தி வைக்கிறது. மேலே வெறும் மணலாகத் தெரிகிற இடம் பல மணித்தியாலத்துக்குப் பிறகும் உள்ளங்காலைப் பொசுக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, தடியால் கிளறி, இன்னொரு வாளி ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு தெரியாவிட்டால் வானில் ஏறலாம்.